வீட்டைக் காப்பது நாயே!

(பட்டிமன்றத் தலைப்பு: திருடரிடமிருந்து வீட்டைப் பெரிதும் காப்பது நன்றியுள்ள நாயா? நவீன அலாரமா? 'நாயே' என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! அலாரத்தின் பெருமையை அலாரம் போலவே விடாமல் முழக்கிவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) எங்கள் அணித் தலைவர் அவர்களே! இந்த அரங்கம் நிறைந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துகொண்டு, 'கொல்லைக் கதவைத் தாழ் போட்டோமா இல்லையா' என்று இந்த நிமிஷம் யோசித்துக்கொண்டிருக்கிற அன்பர்களே! (சிரிப்பு) 

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு கேள்வி கேட்டாங்க. "நாய்க்கு ஒரு துண்டு கறியைப் போட்டா திருடன் பின்னாலேயே வாலை ஆட்டிக்கிட்டுப் போயிடும். அலாரத்துக்கு எவனாவது பிரியாணி வாங்கிக் கொடுக்க முடியுமா?" அப்படின்னாங்க. நீங்களும் கைதட்டினீங்க. நல்ல நகைச்சுவை, நானும் தட்டினேன். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கறியோட வர்ற திருடன், அந்த வீட்டுல நாய் இருக்குன்னு முன்கூட்டியே தெரிஞ்சு வரணும். ராத்திரி ஒன்றரை மணிக்குக் கறியைத் தயாரா வெச்சிருக்கணும். எல்லாத்துக்கும் மேல, கறி கைக்கு வர்ற வரைக்கும் நாய் பொறுமையா வாயை மூடிக்கிட்டுக் காத்திருக்கணும். எந்த நாய் ஐயா அப்படிக் காத்திருக்கும்? அவன் சுவத்துல கை வைக்கும்போதே அது நாலு தடவை குரைச்சு முடிச்சிருக்கும். கறி உள்ளே வந்து விழறதுக்கு முன்னால குரைப்பு தெரு முழுக்கப் போயிடும். (கைத்தட்டல்)

அலாரத்துக்குப் பிரியாணி வேண்டாம்தான், ஒத்துக்கிறேன். ஆனா பேட்டரி வேணும். அந்தப் பேட்டரியைக் கடைசியா எப்போ மாத்தினீங்கன்னு அலாரம் வெச்சிருக்கிறவரைக் கேட்டுப் பாருங்க. முழிப்பார். நாய்க்குப் பசிச்சா நம்ம காலடியில வந்து நிக்கும். பேட்டரிக்குப் பசிச்சா மூலையில 'கீச்'சுன்னு ஒரு சத்தம் வரும். நாம அதைப் பல்லின்னு நினைச்சுக்கிட்டுத் தூங்கிடுவோம். (சிரிப்பு, கைத்தட்டல்)

அடுத்து எதிரணிப் பேராசிரியர் அவர்கள் அலாரத்தின் வரலாற்றை அருமையாகச் சொன்னார். 1853-ம் ஆண்டு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து அகஸ்டஸ் போப் என்பவர், கதவைத் திறந்தால் மின்சாரத்தில் மணி அடிக்கிற கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். 1857-ல் எட்வின் ஹோம்ஸ் அந்த உரிமையை விலைக்கு வாங்கித் தொழிலாக வளர்த்தார் என்று சொன்னார். அத்தனையும் உண்மை. ஒரு வார்த்தையையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் பேராசிரியர் ஐயா, மணிக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமா? நம்ம திண்டுக்கல் போதுமே! திண்டுக்கல் பூட்டிலே மணிப்பூட்டு என்று ஒரு வகை உண்டு. சாவி போட்டுத் திருப்பினால் உள்ளே மணி அடிக்கும். அந்தத் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆக, மணி அடிச்சு வீட்டைக் காக்கிற வித்தை தமிழனுக்கும் தெரியும். அது தெரிஞ்ச தமிழன்தான் நாய்க்கும் ஒரு பேர் வெச்சான். என்ன பேர்? (கூட்டத்தில்: "மணி!") ஆங்! மணி! (பலத்த கைத்தட்டல்) பூட்டுக்குள்ள இருக்கிற மணி ஒண்ணு, வாசல்ல படுத்திருக்கிற மணி ஒண்ணு. இந்த ரெண்டு மணியில எது வீட்டைக் காக்கும்? அதுதான் இன்றைய வழக்கு.

முதல் வாதம்: கருவியின் அறிவும் நாயின் அறிவும்.

வீட்டுக்குள்ளே ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கிற சென்சார் இருக்கிறதே, அது எப்படி வேலை செய்கிறது? மனித உடம்பிலிருந்து வெளிப்படுகிற வெப்பக் கதிரை அது உணர்கிறது. சுற்றுப்புறச் சூட்டுக்கும் உடம்புச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதற்குக் கண். குளிர் தேசத்தில் அது பிரமாதமாக வேலை செய்யும். நம்ம ஊர்க் கத்திரி வெயிலில், சுவரும் அனல், தரையும் அனல், மனுஷனும் அனல் என்று இருக்கும்போது வித்தியாசம் குறைந்துபோகிறது. சாதாரணக் கருவி திணறுகிறது. அதே கருவியின் முகத்து மேல ஒரு பல்லி நடந்து போனால் போதும், ஊரையே கூட்டிவிடும்! (சிரிப்பு) திருடனுக்குச் சும்மா இருந்துட்டுப் பல்லிக்கு அலறுகிற காவல்காரனை நீங்க சம்பளம் கொடுத்து வெச்சுக்குவீங்களா?

நாயைப் பாருங்கள். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாயின் காது 40,000-ஐயும் தாண்டிக் கேட்கும். நம் மூக்கில் மோப்ப உணர்வு வாங்கிகள் 50, 60 லட்சம் என்றால், நாயின் மூக்கில் 20 கோடிக்கு மேல். ராத்திரி பத்தரைக்கு வீட்டு ஐயா சத்தமில்லாம கேட்டைத் திறந்து வந்தாலும் வாலை ஆட்டும். அதே பத்தரைக்கு அந்நியன் ஒருத்தன் சத்தமில்லாம வந்தா குரல் மாறும். தபால்காரருக்கு ஒரு குரைப்பு, பூனைக்கு ஒரு குரைப்பு, சுவர் ஏறுகிறவனுக்கு ஒரு குரைப்பு. நாய் வளர்க்கிற வீட்டில் பிறந்த குழந்தையைக் கேளுங்கள், படுக்கையில் இருந்தபடியே எது எது என்று சொல்லிவிடும். அலாரத்துக்கு ஒரே ஒரு குரல்தான். வீட்டுக்காரர் வந்தாலும் 'கொய்ங்'. திருடன் வந்தாலும் 'கொய்ங்'. (சிரிப்பு) என் வீட்டுக்காரர் ஒருநாள் ரகசிய எண்ணை மறந்துட்டு அந்தக் 'கொய்ங்'கோட வாசல்ல நின்னாரு பாருங்க, தெருவே வந்து அவரை வேடிக்கை பார்த்தது! (பலத்த சிரிப்பு)

இரண்டாவது வாதம்: சத்தம் போட்டால் யார் வருவார்கள்?

'புலி வருது, புலி வருது' கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்தக் கதையை உயிரோடு பார்க்கணும்னா அலாரம் வைத்த தெருவுக்கு வாங்க. எங்க பகுதியில ஒரு வீட்டில் அலாரம் வைத்தார்கள். முதல் வாரம் பூனை வந்து அடித்தது. தெருவே எழுந்து ஓடியது. அடுத்த வாரம் ஜன்னல் திரை காற்றில் ஆடி அடித்தது. நாலு பேர் வந்தார்கள். மூணாவது தடவை 'மறுபடியும் அந்த வீட்டு மணியா' என்று தலையணையால் காதை மூடிக்கொண்டோம். ஒருநாள் உண்மையாகவே திருடன் வந்தான். அலாரமும் உண்மையாகவே அடித்தது. ஒருத்தரும் எழுந்திரிக்கலை. இருபது நிமிஷம் அடித்து ஓய்ந்தது. அவனும் பொறுமையாக வேலையை முடித்துக்கொண்டு போனான்.

இது நம்ம ஊர்ச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். அலாரம் பிறந்த அமெரிக்காவிலேயே, போலீஸுக்கு வருகிற திருட்டு அலாரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலே பொய் அலாரம் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். அங்கே சால்ட் லேக் சிட்டி என்கிற நகரத்தில் 2000-ம் ஆண்டு டிசம்பரில் ஒரு விதியே கொண்டுவந்தார்கள். வெறும் மணி அடித்தால் போலீஸ் வராது. ஒரு ஆள் நேரில் போய்ப் பார்த்து 'ஆமாம், திருட்டுதான்' என்று உறுதி சொன்னால்தான் வரும். கவனியுங்கள் நடுவர் ஐயா! மணி சொன்னால் நம்ப மாட்டோம், மனுஷன் சொன்னால் நம்புவோம் என்று சொல்லிவிட்டார்கள். (கைத்தட்டல்)

இன்னொன்று. இன்றைக்கு வீட்டு வாசலில் கேமரா வைக்கிறோமே, அந்த யோசனைக்கு மூலம் யார் தெரியுமா? நியூயார்க் நகரத்தில் குவீன்ஸ் பகுதியில் இருந்த ஒரு நர்ஸ் அம்மா. மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்று பெயர். அவருக்கும் கணவருக்கும் வேறு வேறு நேரத்தில் வேலை. ராத்திரியில் தனியாக இருக்க வேண்டும். போலீஸைக் கூப்பிட்டால் வந்து சேர நேரம் ஆகிறது. அதனால் வாசலில் நிற்பவனை உள்ளிருந்தே பார்க்க கேமராவும் திரையும் வைத்து ஒரு அமைப்பைக் கண்டுபிடித்து, 1966-ல் விண்ணப்பித்து, 1969-ல் காப்புரிமை பெற்றார். அந்தத் தாயை நான் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு எதிலிருந்து பிறந்தது? தனிமையிலிருந்து பிறந்தது. கூப்பிட்டால் வர ஆள் இல்லாத இடத்தில் பிறந்தது. கேமரா திருடனைக் காட்டும். தனிமையைத் தீர்க்குமா?

இந்த இடத்தில் நான் கொஞ்சம் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேசப் போகிறேன்.

இன்றைக்கு நம்ம தெருக்களில் எத்தனை வீடுகளில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள்! எத்தனை வீட்டில் அம்மா மட்டும் இருக்கிறார்! பிள்ளைகள் வெளிநாட்டில். பாசமான பிள்ளைகள்தான். பணம் அனுப்புகிறார்கள். கேமரா வாங்கி மாட்டுகிறார்கள், அலாரம் வைக்கிறார்கள். எங்க தெருக் கடைசி வீட்டில் ஒரு பெரியம்மா இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். மகன் அமெரிக்காவில். அவர் வீட்டில் நாலு கேமரா, ஒரு அலாரம். அதோடு மழையில் நனைந்து வந்த ஒரு நாட்டு நாய்க்குட்டி. அதற்கும் பேர் மணிதான்.

ராத்திரி பாத்ரூம் போக எழுந்தாலே அலாரம் அடிக்குது என்று பெரியம்மா அதை அணைத்தே வைத்துவிட்டார். வயசானவங்க வீட்டில் பெரும்பாலும் அலாரத்தின் கதி அதுதான். ஒருநாள் ராத்திரி இரண்டரை மணிக்கு ரெண்டு பேர் கொல்லைப்புறக் கம்பியை வளைக்கிறார்கள். மணி குரைத்தது. அதன் குரல் மாறினதைக் கேட்டுத் தெருவில் இருந்த மற்ற நாய்களும் சேர்ந்துகொண்டன. எதிர் வீட்டில் விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டு வாத்தியார் "யாரது?" என்று டார்ச் அடித்தார். கம்பியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள்.

அமெரிக்காவில் அப்போது மகனுக்குச் சாயங்காலம். மீட்டிங்கில் இருந்திருக்கிறான். செல்போனுக்குக் கேமரா செய்தி அனுப்பியிருக்கிறது. போன் சத்தமில்லாமல் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்துப் பதறிக்கொண்டு கூப்பிட்டான். "அம்மா, நான் பார்த்தேம்மா, ரெண்டு பேர், முகத்துல துண்டு கட்டியிருந்தாங்க" என்றான். பெரியம்மா நிதானமாகச் சொன்னார்: "நீ பார்த்தே ராஜா. மணி எழுந்து வந்தான்."

நடுவர் ஐயா, பார்க்கிறது வேற, வர்றது வேற. கருவி பார்க்கும். நாய் வரும். நாயின் குரல் கேட்டு நாலு மனுஷனும் வருவான். (நீண்ட கைத்தட்டல்)

மூன்றாவது வாதம், என் முக்கியமான வாதம்: திருடன் எதைத் தேடுகிறான்?

அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சார்லட் வளாகத்து ஆய்வாளர்கள், சிறையில் இருந்த 422 வீட்டுத் திருடர்களிடமே கேட்டு 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அலாரம் இருக்கிறது என்று தெரிந்தால் வேறு வீடு பார்ப்போம் என்று சொன்னவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு 60 பேர். எதிரணிக்குச் சாதகமான செய்திதான், மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அதே திருடர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். வீட்டிலோ பக்கத்திலோ ஆள் நடமாட்டம் இருந்தால் அதுவும் எங்களைத் தடுக்கும் என்றார்கள். அவனுக்கு வேண்டியது ஆளில்லாத வீடு!

நம்ம ஊரில் ஆளில்லாத வீட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறான்? பகலிலும் எரிகிற வாசல் விளக்கு. வாசலில் குவிந்து கிடக்கிற நாளிதழ். வெளிப்பக்கம் தொங்குகிற பூட்டு. கோலம் போடாத வாசல். கோலம் இல்லாத வாசல், 'உள்ளே யாரும் இல்லை, வாங்க' என்று திருடனுக்கு நாம் எழுதி வைக்கிற வரவேற்பு! அலாரத்தை வைத்துவிட்டு நாம் தைரியமாகச் செய்கிற முதல் காரியம் என்ன? வீட்டைப் பூட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போகிறது. 'அதான் மெஷின் இருக்கே!'

நாய் இருக்கிற வீட்டில் அப்படிப் போக முடியுமா? "ஊருக்குப் போனா நாயை என்ன பண்ணுவீங்க?" என்று அம்மையார் கேட்டாங்களே, அந்தக் கேள்வியிலேதான் பதில் இருக்கு! ஊருக்குப் போகணும்னா பக்கத்து வீட்டு அக்காகிட்ட சாவியைக் கொடுத்து, "அக்கா, ரெண்டு வேளை மணிக்குச் சோறு வெச்சிருங்க" என்று சொல்லியாகணும். அந்த அக்கா காலையில வர்றாங்க, நாளிதழை எடுத்து உள்ளே போடுறாங்க, வாசல் தெளிக்கிறாங்க. சாயங்காலம் வந்து விளக்கைப் போடுறாங்க. ஆளில்லாத வீடு ஆள் இருக்கிற வீடா மாறுதா இல்லையா? (கைத்தட்டல்) அலாரம் நம்மைப் பக்கத்து வீட்டிலிருந்து பிரிக்கிறது. நாய் நம்மைப் பக்கத்து வீட்டோடு சேர்க்கிறது. தினம் சாயங்காலம் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவருக்குத் தெருவில் எல்லாரையும் தெரியும். புது ஆள் யார் வந்தாலும் தெரியும். அந்தப் பழக்கம்தான் ஐயா காவல்.

அதற்காக அலாரமே வேண்டாம் என்று சொல்கிற மூடத்தனம் எங்கள் அணிக்கு இல்லை. வங்கிக்கு வையுங்கள், நகைக்கடைக்கு வையுங்கள். அங்கே ராத்திரியில் குடும்பம் இல்லை. வீட்டிலும் கேமரா இருக்கட்டும். வந்தவனைப் பிறகு பிடிக்கப் போலீஸுக்கு உதவும். ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். ஆபத்து என்றால் 100, அல்லது 112.

அதேபோல, நாய் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாயை ஒரு கருவி மாதிரி வாங்காதீர்கள். அது பத்து, பன்னிரண்டு வருஷம் உங்களோடு வாழப்போகிற உயிர். இருபத்துநாலு மணி நேரமும் சங்கிலியில் கட்டிப் போட்டால் அதற்கு வெறுப்புதான் வளரும். எங்கள் பக்கத்து ராஜபாளையம் நாய் 2005-ல் இந்தியத் தபால் தலையிலேயே இடம்பெற்ற வீரன். ஆனால் அந்த வெள்ளை நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. குட்டி வாங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். உங்கள் நாய் அடுத்தவரைக் கடிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அலட்சியமாக விட்டால் தண்டிக்கப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289-வது பிரிவு இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 291-வது பிரிவு. பெரிய சாதி நாய்தான் வேண்டும் என்பதில்லை. தெருவில் குளிரில் நடுங்குகிற நாட்டுக் குட்டி போதும். குரல்தான் வேண்டும், குலம் வேண்டாம்! (பலத்த கைத்தட்டல்)

நிறைவாக ஒன்று சொல்லி என் உரையை முடிக்கிறேன். எரிமலையில் புதைந்துபோன பாம்பேய் நகரத்தில், கி.பி. 79-க்கு முன்னாலேயே ஒரு வீட்டு வாசல் தரையில் நாயின் படத்தைப் பதித்து, 'நாய் ஜாக்கிரதை' என்று லத்தீன் மொழியில் எழுதி வைத்திருந்தார்கள். அது ரோமானியன் செய்த மரியாதை. நம் சிவன் கோயில்களில் அர்த்தசாம பூஜை முடிந்து நடை சாத்தினதும் சாவியைப் பைரவர் சந்நிதியில் வைக்கிற வழக்கம் உண்டு. பைரவருக்கு வாகனம் என்ன? நாய்! அது நம் சமயம் செய்த மரியாதை. இன்னும் ஒரு மரியாதை இருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. மாடு பிடிக்க வந்த சண்டையில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்கிற வீரனுக்கு எடுத்த கல். அந்தக் கல்லில் வீரனுக்குப் பக்கத்திலேயே ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். சும்மா படம் மட்டும் இல்லை. அந்த நாயின் பெயர் கோவிவன், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்திலும் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆயிரத்து நானூறு வருஷமாக அந்த நாயின் பெயர் நிற்கிறது ஐயா! கருவி பழசானால் காயலான் கடைக்குப் போகும். கள்ளனைத் தடுத்த நாய்க்குத் தமிழன் கல் நட்டான். அந்தக் கல்வெட்டில் எழுதிய தீர்ப்பையே இன்று நீங்களும் வழங்க வேண்டும், வீட்டைப் பெரிதும் காப்பது நாயே என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைத்தட்டல்)